கோபர் கேஸ்ல கரித்தூள் போட்டுப் பாத்த கதை: நாலு தண்ணி கேன், நாப்பது நாள் கணக்கு

போன மார்கழில ஒருநாள் காலைல அம்மா கோபர் கேஸ் (சாணில இருந்து வர்ற கேஸ்) அடுப்பு முன்னாடி நின்னுட்டு, "இந்த கேஸை நம்பி ஒரு காப்பித்தண்ணி வெக்க முடியல, பேசாம சிலிண்டரே போதும், அந்த டிரம்மை எடுத்து பழைய இரும்புக்கடைல போடு"ன்னாங்க. டிரம் ஃபைபர், இரும்புக்கடைக்காரன் எடுக்க மாட்டான், அது வேற விசயம். ஆனா அவங்க சொன்னதுல தப்பு இல்ல. அந்த வாரம் பூரா அடுப்பு பத்தவெச்சா தீ பர்னரை விட்டு மேல தூக்கிட்டு நின்னு ஒரு ஆட்டம் ஆடிட்டு அணைஞ்சுரும். அதுக்கு காரணம் நான் தான்.

கொஞ்சம் பின்கதை. எங்க தோட்டம் வெள்ளகோவில் பக்கம். கட்டுத்தரைக்கு பின்னாடி இருக்கிற கோபர் கேஸ் எங்க அப்பா போட்டது, ரெண்டு கன மீட்டர், கேஸ் சேர சேர டிரம் மேல ஏறி, எரிய எரிய கீழ எறங்குற காதி மாடல். மொதல்ல இரும்பு டிரம் தான், பெயிண்ட் அடிக்க அடிக்க துரு புடிச்சு ஓட்டை விழுந்து, ஆறு வருசம் முன்னாடி ஃபைபர் டிரம் மாத்துனோம். ஃபைபர் வெயிட் பத்தாது, அதனால தீ மந்தமா வரும், மேல நாலு மணல் மூட்டை ஏத்தி வெச்சிருக்கோம். ரெண்டு கன மீட்டர் ஓடணும்னா நாளைக்கு 50 கிலோ சாணி வேணும், அதாவது நாலஞ்சு மாடு. அப்பா காலத்துல இருந்துச்சு. இப்ப ரெண்டு கலப்பின மாடு, ஒரு காங்கேயம் மாடு, அதுவும் பகல்ல கொறங்காட்டுல மேயுது, அங்க போடுற சாணிய யாரு பொறுக்கறது. கூட்டிப் பாத்தா 30 கிலோ தேறும்.

மச்சானுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கு, நாலு கிலோமீட்டர்ல. கோழி எருல கேஸ் நெறைய வரும்னு கேள்விப்பட்டு ஒரு டாட்டா ஏஸ்ல கொண்டாந்து கொட்டுனேன். உண்மைதான், ஒரு கிலோ மாட்டுச்சாணில 35-40 லிட்டர் கேஸ்னா கோழி எருல 60 கிட்ட வரும். மொத வாரம் நாளைக்கு அஞ்சு கிலோ, டிரம் நல்லா ஏறுச்சு. ஆசை விடுமா, 12 கிலோ ஆக்கிட்டேன். பத்து நாள்ல எல்லாம் முடிஞ்சுது. சிலரி (கேஸ் போக மிச்சம் நிக்கிற சாணிக்கரைசல்) வெளிய வர்ற குழி பக்கம் போனா கண்ணு எரியுது, மூக்குல ஊசி குத்துற மாதிரி அமோனியா வாடை. பிஎச் பேப்பர் (அமிலமா காரமான்னு கலர்ல காட்டறது) வெச்சுப் பாத்தா 8ஐ தாண்டி கலர் காட்டுது. நல்லா ஓடுற தொட்டிக்கு 7ல இருந்து ஏழரைக்குள்ள இருக்கணும்.

என்ன ஆச்சுன்னா, சாணில கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இருக்கிற விகிதம் சுமாரா 25க்கு 1, அது அந்த பாக்டீரியாவுக்கு பொருந்துற அளவு. கோழி எருல அது பத்துக்கு 1 கூட வராது, ஏன்னா கோழிக்கு மூத்திரமும் பீயும் ஒன்னாவே வருது, நைட்ரஜன் பூரா அதுலயே இருக்கு. அது தொட்டிக்குள்ள அமோனியாவா மாறுது. பிஎச் ஏற ஏற, சூடு ஏற ஏற அந்த அமோனியா இன்னும் விசமாகுது. அமிலம் பண்ற பாக்டீரியா தாங்கிக்கும், மீத்தேன் பண்றதுதான் மொதல்ல படுத்துக்கும். அது படுத்துட்டா வர்ற கேஸ்ல கார்பன் டை ஆக்சைடு ஜாஸ்தி, அதான் தீ நிக்கல. மூணு வாரம் கோழி எருவ நிறுத்தி, சாணிய கொஞ்சமா, தண்ணிய ஜாஸ்தியா விட்டுத்தான் தொட்டி பழைய நெலமைக்கு வந்துச்சு. அந்த மூணு வாரமும் அம்மா சிலிண்டர் தான், எனக்கு தெனம் ரெண்டு வேளை பாட்டு.

இந்த நேரத்துல தான் பயோசார் விசயம் கண்ணுல பட்டுச்சு. உயிர்க்கரின்னு சொல்றாங்க, காத்து பத்தாம எரிச்ச கரி, அவ்வளவுதான். அதை தொட்டில போட்டா கேஸ் கூடும், அமோனியா அடிச்ச தொட்டி தேறும், நாத்தம் கொறையும்னு ஆளாளுக்கு எழுதி இருக்காங்க. படிக்கும்போதே சந்தேகம், இப்படி சர்வரோக நிவாரணி மாதிரி சொன்னா எனக்கு நம்பிக்கை வராது. ஆனா எங்க ஊர்ல கரிக்கு பஞ்சம் இல்ல. காங்கேயம் சுத்துவட்டாரத்துல கொப்பரைக் களம் எத்தனைன்னு எண்ண முடியாது, களத்துக்கு களம் தொட்டி மலை மாதிரி குவிஞ்சு கெடக்கும், அதை சுட்டு கரியாக்கி கார்பன் கம்பெனிக்கு அனுப்பறாங்க. (எங்க பக்கம் தொட்டின்னா தேங்காய் சிரட்டை. சாணித் தொட்டியும் தொட்டிதான். கொழப்பிக்காதீங்க.)

கரி எப்படி வேலை செய்யுதுங்கறத நான் புரிஞ்சுகிட்ட விதத்துல சொல்றேன். சாணிய ஒரே பாக்டீரியா கேஸ் ஆக்கறதில்ல. ஒரு கூட்டம் சாணிய ஒடைச்சு அமிலம் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை மீத்தேன் ஆக்கும். நடுவுல எலக்ட்ரான் ஒரு கூட்டத்துகிட்ட இருந்து இன்னொரு கூட்டத்துக்கு போயாகணும், அது வழக்கமா ஹைட்ரஜனா மாறி மெதுவா போகும். கூட்டமான டவுன் பஸ்ல பின்படிக்கட்டுல நிக்கிறவன் டிக்கெட் காசை கை மாத்தி கை மாத்தி முன்னாடி அனுப்புவான் பாருங்க, நடுவுல ஒருத்தன் தூங்கிட்டா காசு அங்கயே நிக்கும், அந்த மாதிரி. கரி மின்சாரம் கடத்தும், ரெண்டு கூட்டமும் அது மேல ஒட்டிகிட்டா நேரா கை மாத்திக்கலாம். அதாவது கண்டக்டரே நம்மகிட்ட நடந்து வந்துட்ட மாதிரி, பேருக்கும் பொருத்தம். 2012ல ஆக்டிவேட்டட் கார்பன் வெச்சு இதை ஆய்வுக்கூடத்துல காட்டினாங்க, ரெண்டு வருசத்துல பயோசார்லயும் காட்டிட்டாங்க. இது போக கரில இருக்கிற ஓட்டைக்குள்ள பாக்டீரியா குடி இருக்கும், சிலரியோட அடிச்சுட்டு போகாது, கரியோட ஒட்டி இருக்கிற சாம்பல் அமிலத்தை கொஞ்சம் தாங்கும்.

ஆனா "அமோனியாவை கரி உறிஞ்சிடும்"னு சொல்றது பாதி தான் சரி. கம்மி சூட்டுல சுட்ட கரிதான் அமோனியத்தை நல்லா புடிக்கும், அதுக்கு கரண்ட் கடத்துற சக்தி கம்மி. ஜாஸ்தி சூட்டுல சுட்டது நல்லா கடத்தும், அமோனியத்தை அவ்வளவா புடிக்காது. ரெண்டும் ஒரே கரில கெடைக்கும்னு யாராவது வித்தா யோசிங்க.

மொதல்ல கரிய நானே சுடலாம்னு எறங்குனேன். 200 லிட்டர் பேரல், அடில ஓட்டை போட்டு, சோளத்தட்டு கட்டைய நெறச்சு மேல இருந்து தீ வெச்சேன். ஒரு போன் வந்துச்சு, பேசிட்டு திரும்பி வந்தா ரெண்டு கூடை சாம்பல், அவ்வளவுதான். அடுத்தது தென்னை மட்டை, அது மேல கரி ஆயிருச்சு, உள்ள பழுப்பு. அதை தண்ணில போட்டா மேல எண்ணெய் மாதிரி வானவில் கலர்ல ஏடு கட்டுது, கை பிசுபிசுங்குது. அது தார். தாரோட இருக்கிற கரிய தொட்டில போட்டா நம்ம பாக்டீரியாவுக்கு நாமளே பூச்சிமருந்து அடிச்ச கணக்கு. அதையும் குப்பைக்குழிக்கு தள்ளிட்டு களத்துக்கே போயிட்டேன்.

களத்துல தொட்டிக்கரி பாத்து வாங்கறதுக்கு ஒரு பெரியவர் சொல்லிக் குடுத்தாரு. ஒரு துண்டை எடுத்து சிமெண்ட் தரைல போட்டாரு, டிங்குன்னு கண்ணாடி வளையல் மாதிரி சத்தம். "இது வெந்த கரி சாமி." இன்னொன்னு போட்டாரு, டப்புன்னு செத்த சத்தம். "இது அரைவேக்காடு." வெந்ததை ஒடைச்சா ஒடைஞ்ச எடம் பளபளன்னு மினுக்கும், கைல கரி ஒட்டும், பிசுக்கு ஒட்டாது. முழுக்கரி கிலோ 35 சொன்னாங்க. நான் கேட்டது தூளை. சலிச்சு கீழ விழற தூளை கம்பெனிக்காரங்க எடுக்க மாட்டாங்க, அது மூட்டைகட்டி ஓரமா கெடந்துச்சு, கிலோ பத்து ரூவான்னு ரெண்டு மூட்டை போட்டுட்டு வந்தேன்.

தூள்னு சொன்னாலும் அதுல கல்லு, நாரு, சுண்டுவிரல் சைஸ் துண்டுன்னு எல்லாம் இருக்கும். கோணிச்சாக்குல கொஞ்சம் கொஞ்சமா போட்டு உலக்கைல இடிச்சு ரவை பதத்துக்கு சலிச்சேன். மூக்குல துணி கட்டாம இதை செய்யாதீங்க, நான் மொத நாள் கட்டல, மூணு நாள் கருப்பா துப்பிட்டு இருந்தேன். சலிச்சது அம்மாவோட மாவு சல்லடைல, அதை அவங்க கண்டுபுடிச்சது ராகி மாவு சலிக்கும்போது. அதைப் பத்தி பேச வேண்டாம்.

ஏற்கனவே ஒருதரம் அவசரப்பட்டு தொட்டிய படுக்க வெச்சாச்சு, அதனால நேரா பெருசுல போடல. நாலு இருவது லிட்டர் தண்ணி கேன் எடுத்துகிட்டேன். வெளிச்சம் உள்ள போனா பாசி புடிக்கும்னு வெளிய கருப்பு பெயிண்ட் அடிச்சு, வெள்ளைல 1, 2, 3, 4ன்னு எழுதினேன். ஒவ்வொன்னுலயும் 6 கிலோ எரு, 8 லிட்டர் தண்ணி, நம்ம பெரிய தொட்டில இருந்து ஒரு லிட்டர் சிலரி, அது தயிருக்கு ஒற ஊத்தற மாதிரி. மொத்தம் 15 லிட்டர், மேல அஞ்சு லிட்டர் காலியா விட்டாச்சு. 1ல மாட்டுச்சாணி மட்டும். 2ல மாட்டுச்சாணியும் கரியும். 3ல நாலு கிலோ சாணி, ரெண்டு கிலோ கோழி எரு. 4ல 3ல போட்டதே, கூட கரி. கரி அளவு லிட்டருக்கு 10 கிராம், கேனுக்கு 150 கிராம். அதை காஞ்ச தூளா போடாம பெரிய தொட்டி சிலரிலயே அஞ்சு நாள் ஊறப்போட்டேன். காஞ்ச கரிக்குள்ள பூரா காத்து இருக்கும், அது மெதக்கும், உள்ள ஆக்சிஜனையும் கொண்டு போகும். ஊறும்போது மொத ரெண்டு மணி நேரம் சோடா மாதிரி புசுபுசுன்னு நொரை வந்துகிட்டே இருந்துச்சு. கரி போடாத ரெண்டு கேனுக்கும் அதே அளவு ஊறவெச்ச சிலரிய கரி இல்லாம ஊத்துனேன், இல்லைன்னா ஒற ஜாஸ்தி ஆனதால கேஸ் வந்துச்சான்னு சந்தேகம் வந்துரும்.

கேஸ் அளக்க கேனுக்கு ஒரு பெயிண்ட் வாளில தண்ணி, அதுக்குள்ள கவுத்து வெச்ச பத்து லிட்டர் வாளி. நம்ம கோபர் கேஸ் டிரம் தான், குட்டியா. உள் வாளியோட குறுக்களவு 24 செமீ, கணக்கு போட்டா ஒரு செமீ ஏறுனா 450 மில்லி கேஸ். வாளி ஓரத்துல ஸ்கூல் ஸ்கேல் ஒட்டியாச்சு. வெறும் தண்ணி வெச்சா கார்பன் டை ஆக்சைடு அதுல கரைஞ்சு கணக்கு தப்பும், அதனால கல் உப்பை கரையற வரைக்கும் போட்டு வெச்சேன். கார்க்கை சுத்தி எம்-சீல், அதுக்கு மேல சோப்பு நொரை தடவி குமிழ் வருதான்னு பாத்து, மாசி மொத வாரத்துல ஆரம்பிச்சாச்சு.

டியூப்புக்கு நான் போட்டது மாட்டுக்கு கால்சியம் ஏத்துன டிரிப் செட். கட்டுத்தரை பரண்ல அஞ்சாறு கெடந்துச்சு, கூடவே உருட்டுற கிளாம்ப் இருக்கு, கேஸை நிறுத்தி திறக்க வசதி, காசு மிச்சம்னு எனக்கு நானே தட்டிக்குடுத்துகிட்டேன். ஆறாவது நாள் ராத்திரி பதினொன்னு இருக்கும், ஷெட்ல டொப்புன்னு ஒரு சத்தம், நாய் கொலைக்குது, பாம்பு கீம்பு எதையாவது தள்ளி விட்டுருச்சான்னு டார்ச் அடிச்சுட்டு ஓடுனா 3ஆம் நம்பர் கேன் கார்க் தெறிச்சு ஓட்டுல போய் அடிச்சிருக்கு. சொவத்துல, கொடில காஞ்ச என் லுங்கில, தொங்கற மம்பட்டில எல்லாம் சிலரி. என்னன்னா கோழி எரு போட்ட கேன் நல்லா நொரை கட்டும், அந்த நொரை டிரிப் டியூப்போட சின்ன ஓட்டைல ஏறி காஞ்சு அடைச்சிருச்சு. கேஸ் போக வழி இல்லாம கேன் தவளை மாதிரி உப்பி வெடிச்சிருக்கு. 4ஐ தொட்டுப் பாத்தா அதுவும் உப்பித்தான் நிக்குது, ஒரு கைல மூக்கை புடிச்சுகிட்டு மெதுவா கார்க்கை தளர்த்தினேன். கரி போட்டா நொரை வராதுன்னு நெனச்சிருந்தேன், அதெல்லாம் வரத்தான் செய்யுது. அடுத்த நாள் கொத்தனார் மட்டம் பாக்கற லெவல் டியூப் வாங்கி நாலுக்கும் மாத்துனேன், அதுக்கப்பறம் பிரச்சனை இல்ல. 3ல எவ்வளவு கொட்டுச்சுன்னு கழுவி விட்டதுக்கப்பறம் எப்படி அளக்கறது, கேன்ல கோடு பாத்தா கால் லிட்டர் கொறைஞ்சிருந்துச்சு. அந்த ஒருநாள் ரீடிங் நாலுக்கும் சேத்து அடிச்சுட்டேன்.

தெனம் காலைல ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி, ரெண்டு தரம் ஸ்கேல் பாத்து நோட்ல எழுதி, வாளிய காலி பண்ணி விடறது. ஷெட்டுக்குள்ள ராத்திரி 26, மத்தியானம் 34 டிகிரி. வாரத்துக்கு ஒருதரம் கேஸ் தரம் பாத்தேன். 60 மில்லி சிரிஞ்சுல 50 மில்லி கேஸ் இழுத்து, கொஞ்சம் காஸ்டிக் சோடா கரைசலை உறிஞ்சி நல்லா குலுக்குனா கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிடும், மிச்சம் நிக்கிறது மீத்தேன்னு வெச்சுக்கலாம். காஸ்டிக் சோடா தோலை அரிச்சிடும், கண்ணுல பட்டா போச்சு, கையுறை கண்ணாடி இல்லாம தொடாதீங்க, பசங்க பக்கத்துல இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

இப்ப நம்பர். நாப்பது நாள்ல 1ல 212 லிட்டர், 2ல 221 லிட்டர். சாணியும் கரியும் போட்டதுல வெறும் ஒம்பது லிட்டர் தான் ஜாஸ்தி. என் வாளி ஒரு செமீ சாஞ்சு நின்னாலே இந்த வித்தியாசம் வந்துரும், அதனால இதை நான் லாபம்னே எடுத்துக்கல. ஒரே ஒரு விசயம், 2ல கேஸ் மூணு நாள் முன்னாடி வேகம் புடிச்சுது, மொத பத்து நாள்ல அது தான் முன்னாடி ஓடுச்சு, அப்பறம் 1 மெதுவா வந்து கிட்ட சேந்துகிச்சு. பழைய ஆமை கதை தான்.

3, 4 தான் வேற கதை. 3ல மொத வாரம் ஜோரா வந்துச்சு, ரெண்டாவது வாரத்துல இருந்து மந்தம், வாளி நாளைக்கு ஆறேழு செமீக்கு மேல ஏறல, சிரிஞ்சுல மீத்தேன் பாதி கூட தேறல, கார்க்கை தெறந்தா மார்கழில அடிச்ச அதே வாடை. மொத்தம் 171 லிட்டர். 4லயும் ரெண்டாவது வாரம் எறக்கம் வந்துச்சு, வரலைன்னு சொன்னா பொய், ஆனா பதினேழாவது நாள்ல இருந்து திரும்ப ஏற ஆரம்பிச்சு நாளைக்கு 15 செமீ வரைக்கும் போச்சு. மொத்தம் 232 லிட்டர், கடைசில மீத்தேன் 50 மில்லிக்கு 30 மில்லி நின்னுச்சு. பிஎச் பேப்பர்ல 3க்கும் 4க்கும் பெரிய வித்தியாசம் தெரியல, ரெண்டும் 8 கிட்டத்தான். அதனால அமோனியா காணாம போயிடல, அது இருக்கும்போதே உள்ள இருக்கறதுங்க தாக்குப்புடிச்சிருக்குன்னு தான் நான் நெனக்கறேன். ஒவ்வொன்னுலயும் ஒரே கேன் தான் வெச்சேன், மூணு மூணு வெச்சிருந்தா அடிச்சு சொல்லலாம். ஆனா 60 லிட்டர் வித்தியாசம் வாளி சாஞ்சதுல வராது.

எனக்கு இதுல தெரிஞ்சது, நல்லா ஓடுற சாணித் தொட்டிக்கு கரி வேலையத்த வேலை, தெணறுற தொட்டிக்குத்தான் அது கைகுடுக்குது. நெட்டுல போடற ஆளுங்க பாதிப்பேரு இதை பிரிச்சு சொல்றதில்ல.

காசுக் கணக்கும் போட்டுருவோம், இதை யாரும் போட்டு நான் பாத்ததில்ல. எங்க தொட்டிக்கு முழு அளவு ஓடுனா நாளைக்கு 50 கிலோ சாணி, 50 லிட்டர் தண்ணி, நாப்பது நாள் உள்ள நிக்கும், ஆக நாலாயிரம் லிட்டர். லிட்டருக்கு 10 கிராம்னா 40 கிலோ கரி. போட்டா முடிஞ்சுதான்னா இல்ல, தெனம் நூறு லிட்டர் சிலரி வெளிய போகுது, அதோட கரியும் போகும், அதே அளவுல நிறுத்தணும்னா நாளைக்கு ஒரு கிலோ போட்டுகிட்டே இருக்கணும். சரி, பத்து சதம் கேஸ் கூடுதுன்னே வெச்சுக்குவோம், 200 லிட்டர். ஒரு கன மீட்டர் சாண கேஸ் சுமாரா 450 கிராம் எல்பிஜிக்கு சமம், அப்ப 200 லிட்டர்னா 90 கிராம். சிலிண்டர் ரேட்ல எல்பிஜி கிலோ அறுவது ரூவா சொச்சம், அப்ப நமக்கு மிச்சம் அஞ்சரை ரூவா. கரித்தூளே பத்து ரூவா. முழுக்கரி வாங்குனா 35. அதாவது வெறும் சாணித் தொட்டில கரிய காசு குடுத்து வாங்கிப் போட்டா ஒவ்வொரு நாளும் நஷ்டம், அதுவும் அந்த பத்து சதம் நெசமா வந்தா. "பயோசார் பயோகேஸ் பூஸ்டர்"னு கிலோ நூறு ரூவாக்கு பாக்கெட் போட்டு விக்கறாங்களாம், வாங்கறவங்க இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பாத்துட்டு வாங்குங்க.

கோழி எருவோட சேத்துப் போட்டா கணக்கு மாறுது. நாளைக்கு ஆறு கிலோ கோழி எரு, அதுல 350 லிட்டர் கேஸ் கூட வந்தா பத்து ரூவா எல்பிஜி. அரை கிலோ கரித்தூள் அஞ்சு ரூவா. கோழி எரு மச்சான் சும்மா குடுக்கறாரு (வண்டி வாடகைய அக்கா கேக்காத வரைக்கும்). சரி, போடலாம்.

சித்திரை பொறந்ததும் பெரிய தொட்டில ஆரம்பிச்சேன். இங்கயும் ஒரு முட்டாள்தனம் பண்ணேன், கேன்ல அஞ்சு நாள் ஊறப்போட்டவன் பெருசுல சோம்பேறித்தனத்துல ரெண்டு கிலோ காஞ்ச தூளை அப்படியே சாணி கரைக்கிற தொட்டில கொட்டிட்டேன். பாதி மேல மெதந்து அங்கயே கருப்பு பாய் மாதிரி நின்னுச்சு, உள்ள போனது டிரம்முக்கும் செவுத்துக்கும் நடுவுல ஏடு கட்டி, டிரம் ஏறாம ஒரு பக்கமா இழுத்துகிட்டு நிக்குது. டிரம்மை ரெண்டு கைல புடிச்சு செக்கு சுத்தற மாதிரி அரைமணி நேரம் திருப்பி திருப்பி விட்டுத்தான் ஏடு ஒடைஞ்சுது. அதுக்கப்பறம் நீல டிரம்ல சிலரி விட்டு ஊறப்போட்டு, மூழ்குனதை மட்டும் அள்ளி தெனம் ரெண்டு கிலோன்னு பத்து நாள், மொத்தம் 20 கிலோ, அதாவது லிட்டருக்கு 5 கிராம். கேன்ல போட்டதுல பாதி தான், எடுத்ததும் முழுசா போக பயம். அப்பறம் நாளைக்கு அரை கிலோ. கோழி எரு மொத வாரம் ரெண்டு கிலோ, அடுத்த வாரம் மூணு, இப்படி அஞ்சு வாரத்துல ஆறுக்கு கொண்டு வந்தேன். கோழி எருவை முந்தின நாளே தண்ணில கரைச்சு வெச்சு, அடில தங்குற கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் போக மேல இருக்கறதை மட்டும் ஊத்தணும். முட்டைக்கோழிக்கு தீவனத்துல அது போடுவாங்க, முட்டை ஓட்டுக்கு போனது போக மிச்சம் எருல வரும், தொட்டிக்குள்ள போனா அடில சிமெண்ட் மாதிரி எறங்கிடும். ஒரு மாசத்துல வாளி அடில இருந்து நான் அள்ளுனது ரெண்டு பாண்டு.

அளவுக்கு, டிரம் பக்கத்துல இரும்பு பைப்ல டேப் ஒட்டி ராத்திரி எட்டு மணிக்கும் விடிகாலை அஞ்சு மணிக்கும் உயரம் பாத்தேன், அந்த நேரத்துல அடுப்பு எரியாது. டிரம் குறுக்களவு ஒன்னேகால் மீட்டர், பத்து செமீக்கு 120 லிட்டர் சொச்சம். வெறும் சாணி 30 கிலோல ராத்திரி ஏத்தம் 30 செமீ. ஆறு கிலோ கோழி எருவும் கரியும் சேந்ததுக்கப்பறம் 38, 39. அமோனியா வாடை இருக்கு, ஆனா கண்ணு எரியற அளவு இல்ல. அடுப்புல நீலத்தீ நிக்குது. காலைல காப்பி, சோறு, கொழம்பு, சாயங்காலம் மாட்டுக்கு பருத்திக்கொட்டை வேகவெக்கறது வரைக்கும் தாங்குது, சிலிண்டர் வீட்டுல ஓரமா உக்காந்திருக்கு.

சிலரி விசயம் நான் எதிர்பாக்காதது. கரி போட்டதுக்கப்பறம் சிலரிக் குழில ஈ கொறைஞ்சுது, காய வெச்சா கட்டியா எறுகாம பொலபொலன்னு ஒதிருது. வரிசைல எட்டு தென்னைக்கு மட்டும் இதை விட்டுட்டு இருக்கேன், பக்கத்து எட்டுக்கு கரி இல்லாத பழைய சிலரி. தென்னைல வித்தியாசம் தெரிய ஒரு வருசத்துக்கு மேல ஆகும், இப்பவே குரும்பை எண்ணிட்டு வந்து பெருமை பேச மாட்டேன். கரி மண்ணுல சீக்கிரம் மக்காது, நாளைக்கு அரை கிலோன்னா வருசத்துக்கு 180 கிலோ மண்ணுக்கு போகுது, அஞ்சு ரூவா கணக்குல இதையும் சேக்கணும்னு அப்பா சொல்றாரு. அவரு போட்ட தொட்டி, அவரு அப்படித்தான் சொல்லுவாரு.

ஒன்னு மட்டும் இன்னும் உறுத்துது. மார்கழில 12 கிலோ எரு, குளிருல, பத்து நாள்ல ஏத்துனேன். இப்ப ஆறு கிலோ, வெயில் காலத்துல, அஞ்சு வாரம் எடுத்து ஏத்தி இருக்கேன். அப்ப தேறுனது கரியாலயா, பொறுமையாலயா? கேன் கரின்னு சொல்லுது, ஆனா பெரிய தொட்டி தனி. இதுக்கு ஒரே வழி கரிய நிறுத்திப் பாக்கறது தான், அதுவும் ஒடனே தெரியாது, உள்ள இருக்கிற கரி சிலரியோட பெரும்பகுதி வெளிய போகவே நாப்பது அம்பது நாள் ஆகும். ஆவணி ஒன்னாந்தேதி நிறுத்திட்டேன், கோழி எரு அதே ஆறு கிலோ. இன்னைக்கு முப்பத்தி ரெண்டாவது நாள், விடிகாலை ஏத்தம் 36 செமீ. போன வாரம் 38. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

சல்லடை புதுசு வாங்கிக் குடுத்தாச்சு, பழசு ஷெட்ல ஆணில தொங்குது.